மான் ராஜாவுக்கு, நஷ்டம் குடியானவனுக்கு

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மூர்க்காரர்களுக்கு லா ஃபோந்தேனின் நீதிக்கதைகள் மறந்திருக்காது. அர்த்தம் புரிகிறதோ இல்லையோ, மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். 1668-ல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் ஒரு தோட்டக்காரன் கதை உண்டு. அவன் ஆசையாக வளர்த்த கீரை, காய்கறிப் பாத்திகளை ஒரு முயல் தினமும் மேய்ந்துவிட்டுப் போகிறது. கல்லெறிந்து பார்க்கிறான், பொறி வைத்துப் பார்க்கிறான், பலனில்லை. ஊர்ப் பிரபுவிடம் போய் முறையிடுகிறான். பிரபு மறுநாளே பரிவாரத்தோடு வருகிறார். அவன் வளர்த்த கோழிகளைத் தின்று, வீட்டுப் பெண்ணைச் சீண்டி, கடைசியில் நாய்களையும் குதிரைகளையும் தோட்டத்துக்குள் விட்டு முயலைத் துரத்துகிறார். வேலியில் பெரிய ஓட்டை, பாத்தி எல்லாம் துவம்சம். ஊரிலுள்ள முயல்கள் எல்லாம் சேர்ந்து பல தலைமுறை மேய்ந்தாலும் ஆகாத நாசம் ஒரு மணி நேரத்தில் ஆகிவிடுகிறது.

சின்னவனிடம் சண்டை வந்தால் பெரியவனைக் கூப்பிடாதே என்று இதற்கு நீதி சொல்லித் தந்தார்கள். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஒரு முயலுக்காக அவன் ஏன் பிரபுவின் வாசலில் போய் நின்றான்? நாலு பேரைக் கூட்டி, வலை கட்டி, நாயை விட்டுப் பிடித்திருக்கலாமே? அந்தக் காலத்துப் பிரெஞ்சு தேசத்தில் அப்படிச் செய்ய அவனுக்கு உரிமை கிடையாது. நிலம் அவனுடையது, பயிர் அவனுடையது, அதைத் தின்கிற பிராணி மட்டும் அவனுடையதல்ல. முயலுக்கே இப்படி என்றால் மானுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிரெஞ்சுக் காடுகளில் மான் வேட்டை நடந்த விதத்தையும், அதில் யாருக்கு என்ன பங்கு கிடைத்தது என்பதையும் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இதில் வரும் வேட்டை நுணுக்கங்களை யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. சரித்திரமாகப் படித்தால் போதும்.

காடும் மானும்

பாரிசைச் சுற்றி இன்றும் பெரிய காடுகள் இருக்கின்றன. தெற்கே ஃபோந்தேன்புளோ, வடக்கே கொம்பியேன், தென்மேற்கே ராம்பூயே. எல்லாம் ஒரு காலத்தில் ராஜாவின் வேட்டைக் காடுகள். பெரும்பாலும் ஓக், பீச் மரங்கள். கோடையில் பத்தடிக்கு அப்பால் பார்வை போகாத அடர்த்தி. முதலாம் பிரான்சுவா 1519-ல் கட்டத் தொடங்கிய ஷாம்போர் அரண்மனை வேட்டைக்காகவே எழுந்தது. அதைச் சுற்றியுள்ள காட்டுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் இருக்கிறது. வெர்ஸாய் அரண்மனையும் 1623-ல் பதின்மூன்றாம் லூயி கட்டிய சின்ன வேட்டை மாளிகையிலிருந்துதான் வளர்ந்தது.

அந்தக் காட்டின் பெரிய மான் செம்மான். நம்முடைய புள்ளிமானைவிட நன்றாகப் பெரியது. நம் மலைக் காட்டுக் கடமானை நினைத்துக்கொள்ளலாம். ஆணுக்கு மட்டும் கொம்பு. குளிர்காலக் கடைசியில் அது தானாக விழுந்துவிடும். உடனே புதிது முளைக்கத் தொடங்கி, ஜூலை, ஆகஸ்டுக்குள் முழு வளர்ச்சி அடையும். வளரும்போது அதன் மேல் மயிர் படர்ந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். முற்றியதும் மரத்தில் உரசி அந்தத் தோலைக் கழற்றிவிடும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை இனச்சேர்க்கைக் காலம். அப்போது ஆண்மான் இரவெல்லாம் அடித்தொண்டையில் கத்தும். மே, ஜூனில் குட்டி பிறக்கும்.

இந்தக் காலக்கணக்கு முக்கியம். பழைய வேட்டை முறைப்படி ஆண்மான் வேட்டை ஜூன் 24, அருளப்பர் திருநாளன்று தொடங்கி, செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளன்று முடியும். அந்த மாதங்களில்தான் மான் நன்றாக மேய்ந்து கொழுத்திருக்கும். அதன் பிறகு பெண்மான் பின்னால் அலைந்து ஆண்மான் இளைத்துப்போகும். வேட்டைக்காரனுக்கு முதல் பாடம் பஞ்சாங்கம்தான்.

வேட்டை நூல் எழுதிய பிரபு

பிரெஞ்சு வேட்டைக்கு ஒரு பெரிய ஆசான் உண்டு. மூன்றாம் காஸ்தோன் என்ற ஃபுவா பிரபு. பிறந்தது 1331. பிரனே மலையடிவாரத்தில் ஆட்சி செய்தவர். தமக்குத் தாமே ஃபேபுஸ், அதாவது சூரிய தேவன், என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். யுத்தம், காதல், வேட்டை ஆகிய மூன்றும் தமக்குப் பிரியமானவை என்றும், முதல் இரண்டில் தம்மைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு, மூன்றாவதில் மட்டும் தமக்கு ஆசான் இருந்ததில்லை என்றும் முன்னுரையில் எழுதியிருக்கிறார். 1387 மே முதல் தேதி ஆரம்பித்த அந்த நூலுக்கு 'லிவ்ர் த ஷாஸ்', வேட்டை நூல், என்று பெயர். அதன் மிக அழகான கையெழுத்துப் பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. எண்பத்தேழு வண்ணச் சித்திரங்கள்.

புத்தகம் வெகு வேகமாகப் பரவியது. இங்கிலாந்தின் யார்க் பிரபு எட்வர்ட் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அவர் 1415-ல் அஜின்கூர் போரில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகப் போரிட்டு இறந்தவர். விரோதியின் புத்தகமானாலும் வேட்டைப் புத்தகம் என்றால் விடமாட்டார்கள் போலிருக்கிறது. ஃபேபுசும் 1391 ஆகஸ்டில் கரடி வேட்டை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன் கை கழுவும்போது சாய்ந்து இறந்தார் என்று ஃப்ருவாஸார் என்ற சரித்திர ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.

வேட்டைக்காரன் நேரே சொர்க்கம் போவான் என்பது ஃபேபுசின் வாதம். சோம்பல்தான் பாவங்களுக்குத் தாய். வேட்டைக்காரன் விடியுமுன் எழுகிறான், நாள் முழுக்க ஓடுகிறான், இரவு அசந்து தூங்குகிறான். பாவம் செய்ய அவனுக்கு நேரமேது? பிரபுக்களின் தர்க்கம் இது. அவர்கள் குதிரை மிதித்துப்போன வயல்காரனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

விடியற்காலையில் போகிறவன்

புத்தகத்தில் என்னை மிகவும் கவர்ந்த ஆள் பிரபு அல்ல, அவருடைய வேலைக்காரன். ஏழு வயதில் ஒரு பையனை எடுக்க வேண்டும் என்கிறார் ஃபேபுஸ். அவன் எல்லா நாய்களின் பெயரையும் நிறத்தையும் பாடம் பண்ண வேண்டும். நாய்க்கொட்டடியைக் கூட்டி, வைக்கோல் மாற்றி, தண்ணீர் வைக்க வேண்டும். நாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் இருக்க இரவு அங்கேயே படுக்க வேண்டும். இப்படிப் பல வருஷம் ஊறியவன்தான் 'லிமியே' பிடிக்கிற ஆளாக வருவான்.

லிமியே என்பது குரைக்காத மோப்ப நாய். தோல் வாரில் கட்டி, அதன் பின்னால் ஆள் போவான். துரத்துவது அதன் வேலையல்ல, மான் எங்கே படுத்திருக்கிறது என்று கண்டு சொல்வதுதான் வேலை. இன்றைக்கும் பிரெஞ்சில் துப்பறிவாளனை லிமியே என்பார்கள். அந்தச் சொல் இந்த நாயிடமிருந்து வந்தது.

வேட்டை நாளன்று விடியும் நேரத்தில் இந்த ஆட்கள் ஆளுக்கொரு பக்கமாகக் காட்டுக்குள் போவார்கள். மான் இரவெல்லாம் வெளியே வயலில், புல்வெளியில் மேய்ந்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் அடர்ந்த காட்டுக்குள் ஒதுங்கும். அது திரும்பி நுழைந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் ஏதோ ஒரு மானை அல்ல, வயதில் முதிர்ந்த, பத்துக் கிளைக் கொம்புள்ள ஆண்மானை. கண்ணால் பார்க்காமலே வயதும் இனமும் சொல்ல வேண்டும். அதற்கு அவர்களிடம் இருந்த அடையாளங்கள் இவை.

முதலாவது, குளம்படி. பெண்மானின் அடி குறுகியும் நீண்டும் இருக்கும். ஆண்மானின் அடி அகலமாக, முனை மழுங்கி, குதிப்பக்கம் தடித்து இருக்கும். இளம் ஆண்மான் நடக்கும்போது பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழும். வயதானதும் உடல் கனத்து, பின்னங்கால் முன்னங்கால் தடத்துக்குச் சற்றுப் பின்னாலேயே விழும். நம் ஊர் வண்டிக்காரர்கள் மாட்டின் நடையைப் பார்த்து வயது சொல்வார்களே, அந்த மாதிரி.

இரண்டாவது, புழுக்கை. அதன் பருமன், வடிவம், ஒட்டியிருக்கிறதா உதிரியாக இருக்கிறதா என்பதைக் கொண்டு மானின் வயதும் கொழுப்பும் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்து, தன் ஊதுகொம்புக்குள் போட்டு, புல்லால் வாயை அடைத்துக் கொண்டுவருவான். கோப்பில் சான்று இணைப்பது போல.

மூன்றாவது, மரம். மான் கொம்பை உரசித் தோல் கழற்றிய மரம் எவ்வளவு பருமன், உரசல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பான். பெரிய மான்தான் பெரிய மரத்தில் உரசும். நான்காவது, புதருக்குள் மான் புகுந்து போன இடத்தில் கொம்பு பட்டுத் திரும்பிய இலைகளும் முறிந்த கிளைகளும். அவை எந்த உயரத்தில், எவ்வளவு அகலத்தில் இருக்கின்றன என்று பார்த்தால், தலையின் அளவு தெரிந்துவிடும்.

எல்லாம் பார்த்த பிறகு அவன் செய்கிற வேலை சின்னது, ஆனால் முக்கியமானது. மான் நுழைந்த இடத்தில் ஒரு கிளையை முறித்து அடையாளம் போடுவான். இதற்கு 'பிரிஸே' என்று பெயர். அந்த அடையாளம் போட்ட மான் அவனுடைய கணக்கில் சேர்ந்தது. இன்னொருவன் அங்கே மூக்கை நுழைக்கக் கூடாது. அடுத்தவன் வேலையில் குறுக்கிடுகிறவனைப் பிரெஞ்சில் இன்றும், அவன் பிறருடைய பிரிஸேமேல் நடக்கிறான் என்பார்கள். நாங்களும் ஆபீசில் சொல்லியிருக்கிறோம். அது மான் வேட்டையில் பிறந்த பேச்சு என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காலை வெயில் ஏறியதும் காட்டுக்குள் ஒரு திறந்த இடத்தில் பிரபுவும் விருந்தினரும் கூடுவார்கள். புல்மேல் துணி விரித்து ரொட்டியும் இறைச்சியும் திராட்சை ரசமும் பரிமாறுவார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு நடுவில் லிமியே பிடித்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, கொம்பிலிருந்து புழுக்கையைக் கொட்டிக் காட்டி, தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். சித்திரத்தில் அந்தக் காட்சியும் இருக்கிறது. சாப்பிடுகிற துணியிலேயே கொட்டுகிறார்கள்! யாருக்கும் முகம் சுளிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டு, எந்த மானைத் துரத்துவது என்று பிரபு முடிவு செய்வார். பிரபுவின் பங்கு அந்த முடிவுதான். அறிவெல்லாம் மற்றவனுடையது.

துரத்தலும் தந்திரமும்

பிறகு நாய்க்கூட்டத்தை விடுவார்கள். எல்லா நாய்களையும் ஒரே சமயத்தில் விடுவதில்லை. மான் எந்த வழியாக ஓடும் என்று ஊகித்து, ஆங்காங்கே புதிய நாய்களை நிறுத்தி வைப்பார்கள். முதல் கூட்டம் களைக்கும்போது அடுத்தது சேர்ந்துகொள்ளும். காடு அடர்த்தியானதால் யாருக்கும் மான் கண்ணில் படாது. கொம்பு ஊதும் ஓசையை வைத்துத்தான் மான் கிளம்பியதா, தண்ணீரில் இறங்கியதா, தடம் தப்பியதா என்று தூரத்திலிருப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். எந்தச் செய்திக்கு எந்த ஊதல் என்று வகுத்து வைத்திருந்தார்கள். தந்தியில்லாத காலத்துத் தந்தி.

மானும் லேசுப்பட்டதல்ல. வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, பிறகு பக்கவாட்டில் பாய்ந்து விலகும். நாய்கள் தடம் முடிந்த இடத்தில் குழம்பி நிற்கும. ஓடையில் இறங்கி நீரோடு போகும். தண்ணீரில் மோப்பம் நிற்காது. எல்லாவற்றிலும் பெரிய தந்திரம், படுத்திருக்கும் வேறொரு மானைக் கிளப்பிவிட்டு, தான் அந்த இடத்தில் படுத்துக்கொள்வது. நாய்கள் புதிய மானைத் துரத்திக்கொண்டு போய்விடும். ஆளை ஏமாற்றித் திசைதிருப்புவதற்குப் பிரெஞ்சில் 'தொன்னே ல ஷான்ழ்' என்பது இதிலிருந்து வந்ததுதான். தான் துரத்தத் தொடங்கிய மானின் வாசனையை விடாமல் பற்றும் நாய்க்குத்தான் மதிப்பு அதிகம்.

மணிக்கணக்காக ஓடிய மான் ஒரு கட்டத்தில் இனி முடியாது என்று நின்று, முதுகைப் பாறைக்கோ தண்ணீருக்கோ கொடுத்து, கொம்பைத் தாழ்த்தி நாய்களை எதிர்க்கும். சுற்றி நின்று நாய்கள் குரைக்கும். அந்தக் குரைப்புக்குத்தான் 'அபுவா' என்று பெயர். கடனில் மூழ்கிய வியாபாரியையும், கவிழப்போகும் மந்திரிசபையையும் பிரெஞ்சுப் பத்திரிகைகள் இன்றும் 'ஓஸ் அபுவா' என்கின்றன. தப்ப வழியில்லாமல் நிற்கிற மானின் நிலை அது. கடைசியில் ஒரு ஆள் பின்பக்கமாகப் போய்க் கத்தியால் முடிப்பான்.

அதன் பிறகு பங்கீடு. தோலை உரித்து விரித்து, அதன்மேல் குடலும் இரத்தத்தில் நனைத்த ரொட்டியும் கலந்து நாய்களுக்குப் போடுவார்கள். லிமியேக்குத் தனிப் பங்கு. இந்தச் சடங்குக்குக் 'கியூரே' என்று பெயர். நம் பங்குச் சாமியாரைச் சொல்லும் கியூரே வேறு, இது வேறு, உச்சரிப்பு ஒன்றுதான். தோலைக் குறிக்கும் 'குய்ர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது இது. பதவிக்கும் பணத்துக்கும் பாய்கிற கூட்டத்தைப் பற்றி எமில் ஸோலா ஒரு நாவல் எழுதி அதற்கு இந்தப் பெயரையே வைத்தார். நாய்களுக்குப் பங்கு உண்டு, ஆட்களுக்கு உண்டு, விருந்தினருக்கு மானின் வலது முன்னங்காலை மரியாதையாகக் கொடுப்பார்கள். அந்த மான் இரவெல்லாம் மேய்ந்த வயலின் சொந்தக்காரனுக்கு மட்டும் பங்கில்லை.

குதிரையும் நாயும் இல்லாதவன் எப்படி மான் பிடிப்பான் என்பதையும் ஃபேபுஸ் எழுதியிருக்கிறார். வலை, கண்ணி, குழி, வில். இலைதழைகளால் மூடிய வண்டிக்குள் வில்லோடு ஒளிந்து, சக்கரத்தைக் கிறீச்சிட விட்டு மெதுவாக ஓட்டிப்போனால், மான் ஓடாமல் அந்தச் சத்தத்தையே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் என்கிறார். கோடையில் மான் வேட்டைக்குப் பச்சை உடுப்பு, குளிர்காலத்தில் பன்றி வேட்டைக்குச் சாம்பல் நிறம் என்று யோசனையும் சொல்கிறார். ஆனால் வலை, கண்ணி பற்றி எழுதும்போது தமக்கு மனமில்லாமல்தான் எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறார். நாய்களைக் கொண்டு துரத்திப் பிடிப்பது கௌரவம், கண்ணி வைப்பது கேவலம். வயிற்றுக்காகப் பிடிக்கிறவனுக்குக் கௌரவம் பார்க்க முடியுமா என்ற யோசனை அவருக்கு வரவில்லை.

சட்டம் சொன்னது

ஃபேபுஸ் இறந்த சில ஆண்டுகளில், பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில், ஆறாம் சார்ல் மன்னன் பிரபு வம்சத்தில் பிறக்காதவர்கள் வேட்டையாடக் கூடாது என்று ஆணையிட்டான். பின்னால் வந்தவர்கள் அதை இறுக்கிக்கொண்டே போனார்கள். நாலாம் ஹான்ரியின் 1601-ம் ஆண்டுச் சட்டம், ராஜாவின் காட்டில் பெரிய மிருகத்தை வேட்டையாடித் திரும்பத் திரும்பப் பிடிபட்டவனுக்கு மரண தண்டனை வரை விதித்தது. ஏழைகளின் ராஜா என்று பெயரெடுத்த மன்னன் அவன்.

1669-ல் பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் காடுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் ஒரு பெரிய சட்டத்தொகுப்பு கொண்டுவந்தார். வேட்டைக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று அதில் சேர்த்தார். அது வரையில் நல்லதுதான். ஆனால் வியாபாரி, கைவினைஞர், பட்டணவாசி, குடியானவர் யாரும் எந்தப் பிராணியையும் வேட்டையாடக் கூடாது என்று அதே தொகுப்பு சொல்கிறது. முதல் தடவை பிடிபட்டால் நூறு லிவ்ர் அபராதம். இரண்டாம் தடவை இரட்டிப்பு. மூன்றாம் தடவை, சந்தை நாளன்று கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி மூன்று மணி நேரம் ஊர் நடுவில் நிற்க வேண்டும். பிறகு மூன்று வருஷம் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பு. வாழ்நாளெல்லாம் அரசாணைகளின் பிரிவும் உட்பிரிவும் படித்தவன் நான். மூன்று மணி நேரம் என்று கணக்காக எழுதிய அந்தக் குமாஸ்தாவை நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. சந்தை நாளாகப் பார்த்து நிறுத்தச் சொன்னதில் இருக்கிறது அவனுடைய சாமர்த்தியம்.

இதைவிடக் கொடுமை, 'கப்பித்தேன்ரி' என்று பெயர் பெற்ற பகுதிகள். ராஜாவின் காடுகளைச் சுற்றியுள்ள ஊர்களையும் வயல்களையும் சேர்த்து வளைத்து, எல்லாமே ராஜாவின் வேட்டைக்கு ஒதுக்கப்பட்டவை என்று அறிவித்துவிடுவார்கள். அதற்குள் நிலமுள்ள பிரபுகூட தன் நிலத்தில் வேட்டையாட முடியாது. ராஜ மாளிகைகளைச் சுற்றியுள்ள சமவெளிகளில் நிலத்துக்குச் சுவர் எழுப்ப ராஜ அனுமதி வேண்டும். ஆர்தர் யங் என்ற ஆங்கில விவசாய நிபுணர் 1787 முதல் பிரான்சில் சுற்றிப் பயணக்குறிப்பு எழுதினார். இந்தப் பகுதிகளில் கௌதாரிக் குஞ்சுகள் கலையக் கூடாது என்று களை எடுக்கவும் மண் கொத்தவும் தடை, குறித்த நாளுக்கு முன் வைக்கோற்புல் அறுக்கத் தடை என்றும், வேலியில்லாமல் மான் கூட்டமும் பன்றிக் கூட்டமும் வயல்களில் திரிகின்றன என்றும் அவர் எழுதியிருக்கிறார். அவற்றைக் கொன்றவனுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை.

ஒரு இரவில் போனது

1789-ல் ராஜா நாட்டு மக்களிடம் குறைகளை எழுதித் தரச் சொன்னபோது, ஊர் ஊராக எழுதிய மனுக்களில் வரிக்குப் பக்கத்தில் இந்த வேட்டை நஷ்டமும் இடம் பிடித்தது. மானும் முயலும் புறாவும் விளைச்சலைத் தின்கின்றன, எங்களைக் கையைக் கட்டிப் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் சாரம்.

பதினாறாம் லூயி வேட்டைப் பைத்தியம். அவர் வைத்திருந்த தினக்குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. பஸ்தீய் சிறை விழுந்த ஜூலை 14 அன்று அதில் 'ரியேன்', ஒன்றுமில்லை, என்று எழுதியிருக்கிறார். இதை வைத்து அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அன்று வேட்டை இல்லை என்பதுதான் அதன் பொருள் என்பது தெரிந்தால் கேலி குறையலாம், வருத்தம் குறையாது. அக்டோபர் 5 அன்று பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்ஸாய்க்கு நடந்து வந்தபோதும் அவர் வேட்டையில்தான் இருந்தார். எண்பத்தோரு பிராணிகளைச் சுட்டதாகவும், நிகழ்ச்சிகளால் வேட்டை தடைப்பட்டதாகவும் குறித்துவைத்தார்.

இடையில் ஆகஸ்ட் 4 இரவு, தேசிய சபையில் பிரபுக்களே எழுந்து ஒவ்வொரு சலுகையாக விட்டுக்கொடுத்தார்கள். 11-ம் தேதி இறுதியான தீர்மானத்தின் மூன்றாவது பிரிவு வேட்டை பற்றியது. பிரபுக்களின் தனி வேட்டை உரிமை ஒழிந்தது. ஒவ்வொரு நிலச் சொந்தக்காரனும் தன் நிலத்தில் வரும் பிராணிகளை அழிக்கலாம். ராஜாவுடையது உட்பட எல்லாக் கப்பித்தேன்ரிகளும் ரத்து. அந்தப் பிரிவின் கடைசி வாசகத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வெறும் வேட்டைக் குற்றத்துக்காகக் கப்பலில் துடுப்பு வலிப்பவர்களையும் நாடு கடத்தப்பட்டவர்களையும் திரும்ப அழைக்கவும், சிறையில் இருப்பவர்களை விடுவிக்கவும் சபைத் தலைவர் ராஜாவைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது அது. சலுகை போனால் போதும் என்று விட்டுவிடாமல், அந்தச் சலுகையால் உள்ளே கிடந்தவனையும் யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

அதன் பிறகு நடந்தது மானுக்கு நல்ல காலமல்ல. தலைமுறை தலைமுறையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஜனங்கள் துப்பாக்கியும் தடியுமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள். வயிற்றுக்காகச் சிலர், பழைய வஞ்சத்துக்காகச் சிலர். கண்டபடி கொன்றதைக் கட்டுப்படுத்த 1790 ஏப்ரலிலேயே சபை ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. 1844-ல் வேட்டை அனுமதிச் சீட்டு வந்தது. கட்டணம் 25 பிராங்க். பிறப்பு கேட்ட இடத்தில் இப்போது பணம் கேட்டார்கள். ஆனாலும் பணம் சம்பாதிக்கலாம், பிறப்பை மாற்றிக்கொள்ள முடியாது.

இன்றைக்கு

நாய்களை விட்டுக் குதிரையில் துரத்தும் பழைய வேட்டை பிரான்சில் இன்னும் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் மார்ச் 31 வரை அதன் பருவம். பெல்ஜியம் 1995-லும் இங்கிலாந்து 2004-லும் அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தன. பிரான்சில் எதிர்ப்பு வலுத்தாலும் தடை வரவில்லை. துரத்தப்பட்ட மான் வீடுகளுக்கு அருகில் வந்துவிட்டால் அதைக் கொல்லாமல் விட்டுவிட வேண்டும் என்று 2019-ல் அரசு ஆணை போட்டது.

பெரும்பாலான வேட்டை இப்போது துப்பாக்கியால்தான். எந்தப் பகுதியில் எத்தனை மான் சுடலாம் என்று எண்ணிக்கை விதிக்கும் முறை 1963-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஓநாய் இல்லாத காட்டில் மான் பெருகிவிட்டால் இளம் மரக்கன்றுகளை மேய்ந்து காட்டையே தின்றுவிடும். குறைந்துவிட்டால் இனமே போய்விடும். அதனால் கணக்கு. அந்தக் கணக்கின் பலனாகச் செம்மான் பிரெஞ்சுக் காடுகளில் மறுபடி நன்றாகப் பெருகியிருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு பாரிஸ் பக்கம் இருக்கும் நம்மூர் நண்பர்கள் செப்டம்பர் கடைசியில் சாயங்கால நேரம் ராம்பூயே காட்டோரம் போனால் ஆண்மான் கத்துவதைக் கேட்கலாம்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1968 டிசம்பரில் நிறைவேறிய ஒரு சட்டம். சரித்திரப் புத்தகங்களில் அதற்கு இடமில்லை. அடுத்த ஆண்டுக்கான நிதிச் சட்டத்துக்குள் ஒரு பிரிவாக ஒளிந்திருக்கிறது. மானும் பன்றியும் பயிரைத் தின்றால், விவசாயி மனுக் கொடுத்து நஷ்டஈடு பெறலாம், அந்தப் பணம் வேட்டைக்காரர்கள் கட்டும் தொகையிலிருந்து வரும் என்று ஏற்பாடு செய்தது அது. 1789 குடியானவனுக்கு மானைக் கொல்லும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் அழிந்த பயிருக்கு யார் பணம் தருவது என்று வேட்டைக்காரர்களைக் காட்டி முடிவு சொல்ல, அதன் பிறகு கிட்டத்தட்ட நூற்று எண்பது ஆண்டுகள் ஆயின. மான் வேட்டையில் ஆனந்தம் அடைகிறவன்தான் அதன் நஷ்டத்தையும் தாங்க வேண்டும் என்ற சின்ன நியாயம் அது.